ஜன்னலோரத்து இருக்கை

மெலூசி எங்கள் சாரணர் குழுவில் வந்து சேரும் வரை எனக்குப் பொறாமை என்றால் என்னவென்றே தெரியாது. நான் நல்ல பெண். வேண்டுமானால் எங்கள் அம்மாவைக் கேட்டுப் பாருங்கள்.

அதற்கு முன்பெல்லாம் எங்கள் ஊரான மடாடேனியின் சாரணர் குழு எங்கே போனாலும் பயணத் தலைவர் நான்தான். அணைக்கட்டுக்குப் போனபோது நான். டிராகன்ஸ்பர்க் மலைக்குப் போனபோதும் நான். பயணத் தலைவருக்கு மூன்று வேலைகள் உண்டு. வழியைத் திட்டமிட வேண்டும், குழுவின் கொடியைப் பிடிக்க வேண்டும், போய்ச் சேர்ந்ததும் எல்லோரையும் உட்கார வைத்து அந்த இடத்தின் கதையைச் சொல்ல வேண்டும்.

இந்த முறை போகப்போவது இசண்ட்லவானாவுக்கு. எங்கள் ஜூலு வீரர்கள் ஈட்டியும் கேடயமும் வைத்துக்கொண்டு, துப்பாக்கியோடு வந்த வெள்ளைக்காரப் படையைத் தோற்கடித்த போர்க்களம். அந்தக் கதையைச் சொல்வதற்காக நான் நூலகத்துக்கு ஆறு முறை போய் இருபத்து நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன்.

நொன்டோ அக்கா எங்கள் சாரண ஆசிரியை. அன்று வெள்ளிக்கிழமை, தேவாலயத்தின் பின்னால் இருக்கும் கூடத்தில் எங்களை வட்டமாக உட்கார வைத்தார்.

"இந்தத் தடவை ரெண்டு பேர் தலைவராகணும்னு கேட்டிருக்காங்க. ஸாமாவும் மெலூசியும். ரெண்டு பேரும் கதையைச் சொல்லுங்க. யாரு சொல்றது பிடிச்சிருக்குன்னு நீங்களே கையைத் தூக்குங்க."

நான் முதலில் எழுந்தேன். எத்தனை துப்பாக்கிகள், எத்தனை மாட்டு வண்டிகள், எந்தப் படைப்பிரிவுக்கு எந்த நிறக் கேடயம், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். ஒன்பதாவது பக்கத்தில் ஒரு குறட்டைச் சத்தம் கேட்டது. லுங்கா வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டான்.

அடுத்து மெலூசி. ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து மூன்று மாதத்துக்கு முன்புதான் வந்தவன். கையில் ஒரு காகிதம்கூட இல்லை. நடுவில் போய் நின்று, குரலைத் தாழ்த்தி, "புல்லு இவ்வளவு உயரம். அதுக்குள்ள இருபதாயிரம் பேர் உட்கார்ந்திருக்காங்க. ஒருத்தர்கூட இருமல" என்று ஆரம்பித்தான்.

லுங்கா எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

மெலூசி முடித்தபோது எனக்கே கை மயிர் சிலிர்த்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் கையே எனக்கு எதிராகப் போய்விட்டது.

பன்னிரண்டு பேர் அவனுக்குக் கை தூக்கினார்கள். எனக்குத் தூக்கிய ஒரே கை யாருடையது என்று பார்த்தேன். மெலூசியின் கை. அதைப் பார்த்ததும் எரிச்சல் இரண்டு மடங்காகிவிட்டது.

"ஸாமா, நீ சீட்டுப் பட்டியலைப் போடு. உன் கையெழுத்துதான் அழகா இருக்கும்" என்றார் நொன்டோ அக்கா.

சீட்டுப் பட்டியலாம்! ராணியைக் கூப்பிட்டுப் பாத்திரம் கழுவச் சொன்ன மாதிரி இருந்தது.

ஆனால் வீட்டுக்குப் போய் யோசித்தபோதுதான் அந்த வேலையிலும் ஒரு சுகம் இருப்பது தெரிந்தது. ஸோன்டி மாமாவின் டாக்ஸிதான் எங்களுக்கு வரப்போகிறது. ஓட்டுகிறவரைத் தவிரப் பதினைந்து பேர் உட்காரும் வெள்ளை வேன் அது. மற்ற நாளில் ஸோன்டி மாமா அதில் இருபது பேரை அடைத்துவிட்டு, "இன்னும் ஒருத்தர் வரலாம், மூச்சை மட்டும் உள்ள இழுத்துக்கோங்க" என்பார். நொன்டோ அக்காவிடம் அந்தக் கதையெல்லாம் நடக்காது. ஒருவருக்கு ஓர் இருக்கை, ஒவ்வோர் இருக்கைக்கும் பெல்ட். மடியில் உட்காரும் பேச்சே கிடையாது.

சாரணர்கள் பதினான்கு பேர், நொன்டோ அக்கா ஒருவர். சரியாகப் பதினைந்து.

இரண்டாவது வரிசையில் ஜன்னலோரத்து இருக்கையில் என் பெயரை எழுதினேன். அங்கிருந்து பார்த்தால் மலை முதலில் நம் கண்ணில்தான் படும். மெலூசிக்குக் கடைசி வரிசை. அதுவும் சக்கரத்துக்கு நேர் மேலே, லுங்காவுக்குப் பக்கத்தில். லுங்காவுக்கு வளைவு வந்தால் வாந்தி வரும். நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில் வளைவுக்குப் பஞ்சமே இல்லை.

பட்டியலைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பட்டியலைக் கூடத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தேன். மெலூசி வந்து பக்கத்தில் நின்றான்.

"ஸாமா, எனக்கு ரெண்டு சீட்டு வேணும்."

"என்னது?"

"போகும்போது வேண்டாம். திரும்பி வரும்போது மட்டும். ஒருத்தரைக் கூட்டிட்டு வரணும்."

"யாரை?"

அவன் தன் காலணியைப் பார்த்தான். "எங்க குடும்பத்துல ஒரு பெரியவர்."

"அவரு எங்க இருக்காரு?"

"அங்கதான். ரொம்ப நாளா."

"அப்ப டாக்ஸி பிடிச்சு வரச் சொல்லு! கால் இல்லையா அவருக்கு?"

மெலூசி எதுவோ சொல்ல வாயெடுத்தான். நான் கேட்கவில்லை. என் காதை அப்போது பொறாமை அடைத்துக்கொண்டிருந்தது. கொடி இவனுக்கு, கதை இவனுக்கு, இப்போது இருக்கையும் இரண்டா?

கூடத்தின் நடுவே திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "கேட்டீங்களா? நம்ம தலைவருக்கு ரெண்டு சீட்டாம்!"

"எதுக்கு ரெண்டு?" என்றான் லுங்கா. "ஓ, புரிஞ்சுடுச்சு! ஒண்ணு அவனுக்கு, இன்னொண்ணு அவன் தலைக்கனத்துக்கு!"

கூடமே சிரித்தது. நொன்டோ அக்கா வெளியே கூடாரத் துணிகளை எண்ணிக்கொண்டிருந்ததால் அவருக்கு இது எதுவும் தெரியாது. மெலூசியும் எங்களோடு சேர்ந்து சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் போய்விட்டான்.

புறப்பட இரண்டே நாள் இருந்தபோது, வியாழக்கிழமை பள்ளி விட்டதும் நொன்டோ அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"மெலூசி வரலையாம். வீட்டுல ஏதோ வேலையாம். உன்னையே தலைவரா இருக்கச் சொல்லி எழுதி அனுப்பியிருக்கான். அவன் வீட்டுக்குப் போய்க் கொடியை வாங்கிட்டு வந்துடுறியா?"

எனக்கு வாயெல்லாம் பல். போகும் வழியில் அந்த இருபத்து நான்கு பக்கத்தையும் மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஓடினேன்.

மெலூசியின் அம்மா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். மெலூசி கடைக்குப் போயிருந்தான்.

"கொடிக்கா வந்தே? உள்ள மடிச்சு வச்சிருக்கான், எடுத்துட்டு வரேன் இரு" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன்.

வீட்டுச் சுவர் ஓரமாக, நிழலில், புதிதாக வெட்டிய கிளை ஒன்று சாத்தி வைக்கப்பட்டிருந்தது. காட்டு இலந்தைக் கிளை. ஒரு முள் நேராக, ஒரு முள் வளைந்து, பளபளவென்று பச்சை இலைகள்.

நான் அதன் பக்கத்தில் போய் நின்றேன்.

எங்கள் ஊரில் அந்தக் கிளை எதற்கென்று எந்தக் குழந்தைக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்கு ஆறு வயதாக இருந்தபோது, என் சித்தப்பா டர்பன் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அப்பா இதே மாதிரி ஒரு கிளையோடு போனார். சித்தப்பா உயிர்விட்ட கட்டிலைக் கிளையால் தொட்டு, "வா தம்பி, வீட்டுக்குப் போகலாம்" என்று அவருடைய ஆவியைக் கூப்பிட்டு அந்தக் கிளையில் கூட்டிக்கொண்டு வந்தார். வழி நெடுக அப்பா வேறு யாரோடும் பேசவில்லை. கிளையைக் கையில் எடுத்தவர் பேசக்கூடாது. கூட வருகிறவரிடம் மட்டும், "பாலம் தாண்டுறோம், இதோ இறங்கப் போறோம்" என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். பேருந்தில் அப்பா இரண்டு இருக்கை வாங்கினார். நடத்துநர் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

ஒருத்தரைக் கூட்டிட்டு வரணும்.

நான் என்ன சொன்னேன்? டாக்ஸி பிடிச்சு வரச் சொல்லு. கால் இல்லையா அவருக்கு?

மெலூசியின் அம்மா கொடியோடு வந்தார். நான் கிளையையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கவனித்துவிட்டார்.

"எங்க வீட்டுக்காரருக்கு முப்பாட்டனார், மாவேலா ஸிபியா. அந்தப் போருக்குப் போகும்போது பத்தொன்பது வயசாம். திரும்பி வரலை. கூட்டிட்டு வரவும் யாரும் போகலை" என்றார். "எங்க வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துட்டாரு. மெலூசியோட பெரியப்பாவுக்குக் கால் முடியாம போச்சு. இப்ப வீட்டுல ஆம்பளைன்னா இவன் ஒருத்தன்தான். சாரணர்ல அங்கயே போறாங்கன்னதும் அவன் குதிச்ச குதியை நீ பார்த்திருக்கணும்."

"அப்புறம் ஏன் வரலைன்னுட்டான்?"

"சீட்டு இல்லையாம். பெரியவரை மடியிலயா உட்கார வைக்க முடியும்? பட்டியல் போடுற பொண்ணு கையில ஒண்ணும் இல்லையாம், பாவம். ரொம்ப நல்ல பொண்ணாம். இவனைவிட அவளுக்குத்தான் அந்தப் போரைப் பத்தி நிறையத் தெரியுமாம்."

நான் கொடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"பரவாயில்லை" என்று சிரித்தார் அவர். "நூத்து நாப்பது வருஷத்துக்கு மேல காத்திருந்தவரு. இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க மாட்டாரா?"

வரும்போது ஓடிவந்த நான் திரும்பும்போது நடந்துதான் போனேன்.

வீட்டில் பட்டியலை எடுத்து மேசையில் விரித்தேன். மெலூசியைச் சேர்த்தால் மறுபடி பதினைந்து. திரும்பும்போது மாவேலாவையும் சேர்த்தால் பதினாறு. யாராவது ஒருவர் குறைய வேண்டும். நொன்டோ அக்காவை விட்டுவிட்டு வர முடியாது. லுங்காவை விட்டுவிட்டு வந்தால் வேனே நிம்மதியாக இருக்கும். அவன் பெயர் மேல் பென்சிலை வைத்துக் கொஞ்ச நேரம் யோசித்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பிறகு என் பெயரைப் பார்த்தேன். இரண்டாவது வரிசை, ஜன்னலோரம்.

இசண்ட்லவானாவுக்குப் பக்கத்தில்தான், ன்குது என்ற ஊரில் என் அத்தை இருக்கிறார். அத்தை வீட்டில் ஐந்து வாண்டுகள், பதினோரு ஆடுகள், ஞாயிற்றுக்கிழமையானால் மூன்று மணி நேரப் பிரார்த்தனை. திரும்பி வரும் வழியில் வேனில் பாட்டுப் பாடுவதுதான் பயணத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அது போய்விடும்.

அம்மாவிடம் கேட்டேன். அம்மா என் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று பார்த்துவிட்டு அத்தைக்குத் தொலைபேசியில் பேசினார்.

"தாராளமா வரட்டும்!" அத்தையின் குரல் எனக்கே கேட்டது. "சோளக்கொல்லையில களை எடுக்க ஆள் இல்லாம தவிச்சிட்டிருக்கேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நானே கொண்டுவந்து விட்டுடறேன்."

கொடியை எடுத்துக்கொண்டு மறுபடி மெலூசி வீட்டுக்குப் போனேன். அவன் வாசலில் உட்கார்ந்திருந்தான்.

"இந்தா, உன் கொடி."

"நீதானே தலைவர்?"

"திரும்பி வரும்போது ஒரு சீட்டு காலியாகுது. நான் எங்க அத்தை வீட்டுல தங்கிட்டு ஞாயித்துக்கிழமை வரேன்."

அவன் கொடியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். "உங்க அத்தை வீடுன்னாலே உனக்குப் பிடிக்காதுன்னு அன்னிக்குச் சொல்லிட்டிருந்தே?"

"இப்பப் பிடிக்குது. உனக்கென்ன?"

"ஒண்ணுமில்லை."

"மெலூசி, அன்னிக்கு நான் சொன்னது..." மூக்கைத் துடைத்துக்கொண்டேன். "கால் இல்லையான்னு கேட்டேனே. அவருகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லிடு. உன்கிட்டயும்தான்."

"சொல்லிடறேன்" என்றான் மெலூசி. பிறகு மெதுவாக, "அவரு கோபக்காரர் இல்லைன்னுதான் நினைக்கிறேன்" என்றான்.

வெள்ளிக்கிழமை புதுப் பட்டியலை நானே எல்லோர் முன்னாலும் படித்தேன். போகும்போது உட்காருகிறவர்களின் பெயர்களை முதலில் படித்தேன். பிறகு திரும்பும் பட்டியல். "ரெண்டாவது வரிசை, ஜன்னலோரம், மாவேலா ஸிபியா."

"யாருடா அது? புதுசா சேர்ந்திருக்கானா?" என்றான் லுங்கா.

"போருக்குப் போனவரு. மெலூசி அவரை வீட்டுக்குக் கூட்டிட்டு வரப்போறான்."

அப்போது ஓர் அதிசயம் நடந்தது. லுங்கா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழற்றினார்கள்.

"இதை ஏன் யாரும் முன்னாடியே என்கிட்ட சொல்லலை?" என்றார் நொன்டோ அக்கா.

"மெலூசி சொன்னான் அக்கா. என்கிட்ட சொன்னான்" என்றேன். "நான்தான் காதுல வாங்கலை."

நொன்டோ அக்கா பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு, "எல்லாரும் தண்ணி பாட்டில் கொண்டாந்துடுங்க" என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை இசண்ட்லவானா மலை முதலில் என் கண்ணில்தான் பட்டது. லுங்கா மூன்று வளைவு தாங்கினான். நாலாவதில் முடியவில்லை. அவனுக்குப் பக்கத்தில் இப்போது மெலூசி இல்லை, நொன்டோ அக்கா இருந்தார்.

மலையடிவாரத்தில், போரில் இறந்தவர்களைப் புதைத்த வெள்ளைக் கற்குவியல்களுக்கு நடுவே எங்களை உட்கார வைத்து மெலூசி கதை சொன்னான். காற்றில் புல் சலசலத்தது. நன்றாகத்தான் சொன்னான், பாவி. நடுவில் திடீரென்று நிறுத்தி, "அன்னிக்கு மத்தியானம் சூரியன் என்னாச்சுன்னு ஸாமாவுக்குத்தான் சரியா தெரியும்" என்று என்னைக் கை காட்டினான். நான் எழுந்து கிரகணத்தைப் பற்றிச் சொன்னேன். சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே பகல் வெளிச்சம் மங்கிப்போன கதை. இருபத்து நான்கு பக்கத்தில் அது அரைப் பக்கம்தான். யாரும் தூங்கவில்லை.

வெந்த முட்டையும் பொரித்த மாவுருண்டையும் சாப்பிட்டு முடித்ததும் மெலூசி கொடியை என்னிடம் கொடுத்தான். கிளையை எடுத்துக்கொண்டு தனியாக மலையை நோக்கி நடந்தான். மாவேலா எந்த இடத்தில் விழுந்தார் என்று யாருக்கும் தெரியாது. மலையடியில் தொட்டால் போதும் என்று பெரியப்பா சொல்லியிருந்தாராம். அவன் மண்டியிட்டுக் கிளையால் தரையைத் தொடுவதையும், ஸிபியா குலத்துப் பெயர்களை வரிசையாகச் சொல்லிக் கூப்பிடுவதையும் நாங்கள் தூரத்திலிருந்து பார்த்தோம். திரும்பி வந்தபோது அவன் யாரையும் பார்க்கவில்லை, பேசவில்லை.

நான் வேன் கதவருகே நின்று பெயர்களைப் படித்தேன். ஒவ்வொருவராக ஏறினார்கள். கடைசியாக, "மாவேலா ஸிபியா" என்றேன்.

மெலூசி ஏறிக் கிளையை ஜன்னலோரத்து இருக்கையில் சாய்த்து வைத்தான். ஸோன்டி மாமா பின்னால் திரும்பிப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"நொன்டோ, பெரியவருக்கும் பெல்ட் போடணுமா?"

"என்கூட வர்ற எல்லாருக்கும் பெல்ட் உண்டு" என்றார் நொன்டோ அக்கா. முள் குத்தாமல் மெதுவாக பெல்ட்டை மாட்டிவிட்டதும் அவர்தான்.

அத்தை சாலையோரத்தில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். உள்ளே எல்லோரும் இருந்தார்கள். நான் மட்டும் இல்லை. எனக்குப் பொறாமையே வரவில்லை என்று சொன்னால் பொய்.

வேன் உறுமியது. மெலூசி என் பக்கம் திரும்பவில்லை. அவன் என்னிடம் பேசக்கூடாது. கிளையின் பக்கம் குனிந்தான். ஜன்னல் திறந்திருந்ததால், அவன் கொஞ்சம் சத்தமாகவே சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"தாத்தா, இப்ப நாம கிளம்பப் போறோம். வீடு மடாடேனியில இருக்கு, ரெண்டு மணி நேரம் ஆகும். வெளிய கொடியோட ஒரு பொண்ணு நிக்கறா, பாருங்க. அவ பேரு ஸாமா. நீங்க உட்கார்ந்திருக்கிறது அவளோட சீட்டு. உங்களைப் பத்தி எங்க எல்லாரையும்விட அவளுக்குத்தான் நல்லாத் தெரியும். அவளை மறந்துடாதீங்க."

வேன் நகர்ந்தது. அது வளைவில் மறையும் வரை நான் கொடியை உயரப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கையை இறக்குடி, வலிக்கப் போகுது" என்றார் அத்தை. "இன்னும் களை வேற எடுக்கணும்."

"எவ்வளவு களை இருந்தாலும் எடுக்கறேன் அத்தை" என்றேன்.

சோளக்கொல்லையைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. ஆனாலும் அன்று சாயங்காலம் முழுவதும் நான் பாடிக்கொண்டேதான் களை எடுத்தேன்.